பாலத்துக் கட்டையில் ஏழாவது பை

ஞாயிறு, பிற்பகல் 3.20

புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் திருச்சிப் பேருந்தில் ஏறி, கீரனூருக்குச் சீட்டு வாங்கினேன். இருபத்தைந்து கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய். மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் மாற்றுடை, தண்ணீர்க் குப்பி, ஒரு நோட்டு. நோட்டின் முதல் பக்கத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பேசவேண்டிய பட்டிமன்றத்தின் தலைப்பை எழுதி வைத்திருந்தேன்: 'வேலைக்கு ஆள் கிடைக்காததற்குக் காரணம் ஆட்களின் மனமா, அவர்கள் வரவேண்டிய வழியா?' எனக்குத் தரப்பட்ட அணி, மனம்.

பள்ளிப் பருவத்திலிருந்து மேடை ஏறுபவள் நான். எந்த அணியைக் கொடுத்தாலும் அதை வெல்ல வைப்பேன் என்ற பெருமை எனக்கு உண்டு. இந்த அணிக்குச் சான்று தேடி எங்கள் மாவட்டத்தில் அலையவும் வேண்டியதில்லை. தை மாதம் பிறந்துவிட்டது. கதிர் அறுக்க ஆளில்லை என்கிறார் வயல்காரர். சித்தாள் வரவில்லை என்கிறார் கொத்தனார். மேசை துடைக்க ஆளில்லை என்று கடையையே மாலை நேரத்துக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டார் எங்கள் தெரு ஓட்டல்காரர். கீரனூர் வரும்வரை சன்னல் வழியாக எண்ணிக்கொண்டே வந்தேன். 'ஆட்கள் தேவை' என்ற தட்டிகள் மட்டும் ஒன்பது. இத்தனை பேர் அழைத்தும் வராதவர்களுக்கு மனம் இல்லை என்பதைத் தவிர வேறு என்ன சொல்லிவிட முடியும்?

ஆனாலும், கேட்டதைச் சொல்பவரைவிடக் கண்டதைச் சொல்பவருக்கு மேடையில் மதிப்பு அதிகம். அதனால்தான் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேலைக்குப் போகிறவர்களோடு போய்வரக் கிளம்பினேன்.

மாலை 4.35

கீரனூரில் குன்றாண்டார்கோவில் போகும் டவுன் பஸ் நின்றது. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் விலையில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தபடி கேட்டார்.

"ஆலங்கண்மாய் வெலக்கா? யாரு வீட்டுக்கும்மா?"

"சுமதி அக்கா வீட்டுக்கு. தையல் கம்பெனிக்குப் போறாங்களே."

"ஊருக்குள்ள பஸ் கெடையாது, தெரியும்ல? எறங்கி நடக்கணும்."

"எவ்வளவு தூரம்?"

"பேச்சுத்தொணைக்கு ஆளு இருந்தாக் கிட்டத்தான்."

"தனியாப் போனா?"

"அப்ப தூரம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார்.

ஏழாவது கிலோமீட்டரில் இறங்கினேன். பிரதான சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் இடத்தை இங்கே விலக்கு என்பார்கள். அங்கிருந்து ஆலங்கண்மாய் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று கைப்பேசி காட்டியது. செம்மண் சரளைச் சாலை. ஒரு பக்கம் தைலமரக் காடு. மறுபக்கம் அறுப்புக்குக் காத்திருக்கும் வயல். பாதிக்கு மேல் கண்மாய்க் கரையே சாலையாகிவிடுகிறது. விளக்குக் கம்பம் ஒன்றுகூட இல்லை. ஊர் எல்லையில் வாய்க்காலுக்குக் குறுக்கே சிறு பாலம், அதன் இருபுறமும் இடுப்பளவு உயரத்தில் சிமென்ட் கட்டை. அந்தக் கட்டைக்கு மறுநாள் என்ன பொறுப்பு இருக்கப்போகிறது என்று அறியாமல் கடந்து போனேன்.

சுமதி அக்கா, என்னோடு கல்லூரியில் படித்த தோழியின் அக்கா. மாத்தூர்ப் பக்கம் உள்ள ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல்காரர். விடுமுறை நாளின் துணிகளைத் துவைத்து முடித்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல நாளு பாத்து வந்தம்மா நீ. நாளைக்கு எங்களுக்குப் பரீட்சை" என்றார்.

பரீட்சை இதுதான். தொழிற்சாலை வேன் ஆறு ஆண்டுகளாக ஊருக்குள் வந்து பாலத்தடியில் ஆட்களை ஏற்றிப் போகிறது. முன்பு எட்டுப் பேர் போனார்கள். ஒரு பெண் கல்யாணமாகி மணமேல்குடிக்குப் போய்விட்டாள். லட்சுமி என்பவர் குழந்தைக்காக மூன்று மாதத்துக்கு முன் நின்றுவிட்டார். மீதம் ஆறு. ஏழு பேருக்குக் குறைந்தால் வேன் ஊருக்குள் வராது, விலக்கிலேயே நிற்கும் என்பது நிர்வாகத்தின் புது விதி. திங்கட்கிழமை எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எழுதி வரும்படி ஓட்டுநருக்கு உத்தரவு.

"நீங்கள்லாம் விலக்குக்கு நடந்துருவீங்கல்ல அக்கா?" என்று கேட்டேன்.

"நாங்க நடந்துருவோம். ராணி நடப்பாளா?"

ராணி அடுத்த வீடு. சிறு வயதிலேயே இடது கால் சூம்பிப்போனவர். இரும்புப் பட்டை வைத்த காலணி போட்டுக்கொண்டு நடப்பவர். தைத்து முடித்த சட்டையில் பிசிறு, கறை, தையல் விட்ட இடம் பார்ப்பது அவர் வேலை. அவர் கண்ணுக்குத் தப்பிய சட்டை கிடையாது என்றார் சுமதி அக்கா. பேச்சுச் சத்தம் கேட்டு ராணியே வந்தார்.

"யாராவது வண்டியில கொண்டு போய் விடமாட்டாங்களா?" என்றேன்.

"ஒரு நாளு விடுவாக, ரெண்டு நாளு விடுவாக. மூணாம் நாளு என்னயக் கண்டா அங்கிட்டுத் திரும்பிக்கிருவாக" என்று சிரித்த ராணி, பிறகு சிரிக்காமல் சொன்னார்: "முந்தி எங்க வீட்டுக்கு அடையாளம் சொல்லணும்னா நொண்டி வீடும்பாங்க தங்கச்சி. நான் வேலைக்குப் போன பெறகுதான் ராணி வீடுன்னு ஆச்சு."

நோட்டை எடுத்து எழுதப் போனேன். என் அணிக்கு அது எந்த விதத்திலும் பயன்படாது என்று தோன்றியது. எழுதாமல் மூடினேன்.

திங்கள், காலை 4.50

குழாயில் தண்ணீர் வரும் நேரம் இது. ஆறு வீட்டிலும் விளக்கு எரிந்தது. தண்ணீர் பிடிக்க வேண்டும், சோறு வடிக்க வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கட்டி வைக்க வேண்டும், தானும் கிளம்ப வேண்டும். சுமதி அக்காவின் கணவர் திருச்சியில் கொத்தனார். முதல் பேருந்தைப் பிடிக்க அவர் அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தார்.

ஒரே நேரத்தில் இத்தனையும் முடிவதில்லை. அதனால் இந்த ஊரில் ஒரு வழக்கம். யார் முதலில் கிளம்புகிறாரோ அவர் கையில் மற்றவர்களின் சாப்பாட்டுப் பைகளும் பாலத்துக்குப் போய்விடும். பைகளைக் கட்டையில் வரிசையாக வைத்துவிடுவார்கள். பை வந்துவிட்டால் ஆள் வந்தது போல. ஓட்டுநர் சகாயம் கண்மாய் வளைவில் திரும்பும்போதே முன்விளக்கு வெளிச்சத்தில் பைகளை எண்ணிவிடுவார். பைக்குரியவர் ஓடி வரும்வரை வேன் நிற்கும். ஆனால் பை இல்லாதவருக்காக நிற்காது. ஆறு ஆண்டில் ஒரு பையும் பொய் சொன்னதில்லை என்று பெருமையாகச் சொன்னார் சுமதி அக்கா.

5.40-க்கு இரண்டு பைகளை என்னிடம் கொடுத்து முன்னால் அனுப்பினார். ராணியை மெதுவாக அழைத்துவரத் தாம் பின்தங்கினார். பாலத்தில் ஏற்கெனவே நான்கு பைகள் இருந்தன. என் கையிலிருந்த இரண்டையும் வைத்தேன். தோளில் கிடந்த என் துணிப்பை கனத்தது. வரிசையின் கடைசியில் அதையும் வைத்துவிட்டு, குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டே கரையில் நடந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

5.55. பனிக்குள்ளிருந்து இரண்டு வெளிச்சம் வந்தது. வேன் நின்றது. சகாயம் இறங்காமலே மேல்விளக்கைப் போட்டுக்கொண்டு தாளில் ஏதோ எழுதினார். பெண்கள் வந்து அவரவர் பையை எடுத்துக்கொண்டு ஏறினார்கள். நானும் என் பையை எடுத்துக்கொண்டு ஏறினேன். விருந்தாளியாக ஒருத்தி வருகிறாள் என்று சுமதி அக்கா முதல் நாளே கைப்பேசியில் அவரிடம் சொல்லியிருந்தார்.

முன் இருக்கையில் உட்கார்ந்த ராணி தாளை எட்டிப் பார்த்தார். திரும்பி, சத்தமில்லாமல் ஏழு விரல்களைக் காட்டினார்.

"ஆறுதானடி இருக்கோம்?" என்று கிசுகிசுத்தார் சுமதி அக்கா.

"பேசாம வா. அண்ணனுக்கு எரக்கம் வந்துருச்சு."

வேன் முழுவதும் ஒரு குதூகலம் பரவியது. யாரோ பொட்டுக்கடலை உருண்டை எடுத்துக் கொடுத்தார்கள். சகாயத்துக்கு இரண்டு உருண்டை போயிற்று.

"என்ன இன்னிக்கு ஒபசாரம் பலமா இருக்கு?" என்றார் அவர்.

"தின்னுங்கண்ணே. ஒங்களுக்கு நல்ல மனசு" என்றார் ராணி. சகாயத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் தின்றார்.

காலை 6.30

கீரனூர்ப் பேருந்து நிறுத்தத்தைக் கடந்தபோது வேன் ஊர்ந்தது. அத்தனை கூட்டம். கரண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பையோடு கொத்தனார்கள், மருத்துவமனைச் சீருடையில் பெண்கள், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய இளைஞர்கள். எல்லாரும் திருச்சிப் பக்கம் பார்த்து நின்றார்கள். எதிர்த்திசையில் ஒரு சுமை ஆட்டோ நிறையப் பெண்கள், கையில் கதிர் அரிவாளோடு, வேறேதோ ஊர் வயலுக்குப் போனார்கள். ஆளில்லை என்று சொல்லும் ஊரிலிருந்து ஆட்கள் இன்னோர் ஊருக்குப் போகிறார்கள். அந்த ஊரில் இருப்பவர் அதற்கு அடுத்த ஊருக்கு. உறங்கும் இடம் ஒன்று, உழைக்கும் இடம் ஒன்று. நடுவில் இந்த இருட்டும் இந்தச் சாலையும். மனம் இல்லாதவர்கள் இந்நேரத்தில் இங்கே நிற்கமாட்டார்கள். இதையும் நான் எழுதவில்லை. ஆனால் மறக்கவும் முடியவில்லை.

காலை 7.20

தொழிற்சாலை வாசலில் காவலர் அடையாள அட்டைகளைப் பார்த்து எண்ணினார். ஆலங்கண்மாய், ஆறு. வேன்களுக்குப் பொறுப்பான அதிகாரி சகாயத்தின் தாளை வாங்கினார். நாற்பது வயதிருக்கும், தூக்கம் குறைந்த முகம்.

"ஏழுன்னு எழுதியிருக்கீங்க?"

"ஏழுதான் சார்."

"அட்டை ஆறுதான இருக்கு. இந்தப் பொம்பளைங்களுக்காக வேணும்னே கூட்டி எழுதுனீங்களா?"

சகாயத்தின் முகம் சிவந்தது. "பதினாலு வருஷமா வண்டி ஓட்டுறேன் சார். கூட்டிக் கொறச்சு எழுதுற பழக்கம் கெடையாது. பை ஏழு இருந்துச்சு. என் கண்ணால எண்ணுனேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரக்கம் என்று அவர்கள் நினைத்தது இரக்கம் இல்லை. அப்படியானால் ஏழாவது பை யாருடையது? என் தோளில் கிடந்த பையின் வார் திடீரென்று இறுகியது போல் இருந்தது.

"அது என் பை" என்றேன். "நான்தான் தெரியாமல் கட்டையில் வைத்தேன். இவர்மேல் தவறில்லை. இவர்கள்மேலும் இல்லை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கம் விடவில்லை. மூன்று கிலோமீட்டர் இருட்டைப் பற்றி, ராணியின் காலைப் பற்றி, ஒரு நிறுவனத்தின் கடமையைப் பற்றி நெஞ்சு நிமிர்த்திப் பேசினேன். தொடுப்பும் முடிப்பும் சரியாகவே அமைந்தன. அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார்.

"நல்லாப் பேசுறீங்கம்மா. ஆனா மூணு கிலோமீட்டர் உள்ள போயி மூணு கிலோமீட்டர் வெளிய வர வண்டிக்கு நான் மேல பதில் சொல்லணும். ஏழுன்னா சொல்லிருவேன். ஆறுன்னா சொல்ல முடியாது."

பிறகு என்ன நினைத்தாரோ, தையல் கூடத்தின் வாசல்வரை என்னை அழைத்துப்போய்க் காட்டினார். ஓடும் இயந்திரங்களுக்கு நடுவே உறை போட்டு மூடிய இயந்திரங்கள் வரிசைக்கு இரண்டு மூன்று இருந்தன.

"ஆளு இல்ல. தட்டி வச்சாச்சு, ஊர் ஊராப் போயிச் சொல்லியாச்சு. தைக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வந்தா இப்பவே உக்கார வைப்பேன்."

"லட்சுமி வந்தா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ராணி. "மூணு மாசத்துக்கு முந்தி நின்னுச்சே சார், ரெண்டாவது லைன்ல."

"பழைய ஆளா? அட்டையோட வரட்டும். நாளைக்குக் காலையில ஏழு பேரு ஏறுனா வண்டி ஊருக்குள்ள ஓடும். இல்லேன்னா புதன்கிழமையிலேருந்து வெலக்குதான்."

பிற்பகல் 12.40

மாத்தூரிலிருந்து கீரனூருக்குப் பேருந்து, பதினைந்து ரூபாய். அங்கிருந்து மறுபடியும் விலையில்லாச் சீட்டு. விலக்கில் இறங்கி, கைப்பேசியில் நேரம் குறித்துக்கொண்டு நடந்தேன். இருபத்திரண்டு வயதில், இரண்டு கால்களும் நன்றாக இருந்தும், பாலத்தைத் தொட நாற்பத்து நான்கு நிமிடம் ஆயிற்று. பாதி வழியில் ஒரு காலை இழுத்து நடந்து பார்த்தேன். நூறடிகூடத் தாங்கவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கமாகவும் இருந்தது. நிறுத்திவிட்டேன்.

மாலை 6.00

வேனிலிருந்து இறங்கிய கையோடு சுமதி அக்காவும் ராணியும் லட்சுமியின் வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். லட்சுமிக்கு வேலைக்குப் போக விருப்பம் இல்லாமல் இல்லை. மூன்று வயது மகள் இருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ளும் பால்வாடி ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்; வேன் ஆறு மணிக்கே போய்விடும். மாலையில் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழைத்துவந்து பார்த்துக்கொள்வார்கள். காலையில் உள்ள மூன்று மணி நேரம்தான் லட்சுமியின் இயந்திரத்தை மூடி வைத்திருக்கிறது. கணவர் முருகன், வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர், ஒன்பதரைக்குத்தான் கிளம்புவார். வாசலில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று மணி நேரத்தை அவர் ஏற்கலாமே என்று தொடங்கினேன். ஆண், பெண், குடும்பம், சமத்துவம் என்று ஐந்து நிமிடம் பேசினேன். அவர் துணியை மடியில் வைத்துக் கைதட்டினார்.

"அருமைங்க! மைக்கு மட்டுந்தான் இல்ல. ஆனா புள்ளைக்கு யாரு தலை சீவிவிடுறதுன்னு அதுல வரலையே?"

"சுவத்துக்கு மட்டும் மூணு கோட்டு அடிக்கத் தெரியுது. ஒரு சடை போடத் தெரியாதாக்கும்?" என்றார் உள்ளேயிருந்து லட்சுமி.

"சுவரு அசையாது. ஒன் மக நிப்பாளா?"

"இட்டிலி அவிச்சு வச்சுட்டுப் போறேன். ஊட்டுறதுதான."

"ஊட்டுனாத் துப்புறாளே."

"எனக்கும் துப்புவா. தொடச்சுக்கிட்டு ஊட்டுவேன்."

ராணி படியில் உட்கார்ந்து, காலணியின் பட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "அண்ணே, கெஞ்சலாம்னுதான் வந்தேன். வரல. நாளைக்கு அஞ்சே முக்காலுக்குப் பாலத்துல இருப்பேன். அதச் சொல்லிட்டுப் போறேன்" என்றார்.

முருகன் கையிலிருந்த நீல நிறம் போகாததைப் போல அதையே தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எழுந்தோம்.

செவ்வாய், காலை 5.40

அன்று நான் ஊர் திரும்பும் நாள். என் பை தோளிலேயே இருந்தது. கட்டைக்கு இரண்டடி தள்ளியே நின்றேன்.

ஒரு பை. மூன்று. ஐந்து. ராணி தம் பையைத் தாமே கொண்டுவந்து வைத்தார். ஆறு. 5.50-க்குக் கண்மாய் வளைவில் வெளிச்சம் தெரிந்தது. ராணி ஊர்ப் பக்கம் திரும்பவே இல்லை. வெளிச்சத்தையே பார்த்தபடி நின்றார்.

அப்போது தெருவில் ஒரு கைப்பேசி விளக்கு குதித்துக் குதித்து வந்தது. முருகன். கைலியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு சுற்றிய மகளோடு, ஒரு கையில் சாப்பாட்டுப் பையோடு ஓடி வந்தார். மூச்சு வாங்க, பையைக் கட்டையில் ஆறாவதற்கு அடுத்து வைத்தார்.

"பை வந்துருச்சு! ஆளு வருது. அட்டையக் காணோம்னு பெட்டியக் கொடஞ்சுக்கிட்டிருக்கா."

வேன் நின்றது. சகாயம் இன்று இறங்கி வந்தார். ஒவ்வொரு பையையும் கையால் தொட்டு எண்ணினார். ஏழாவதைத் தொட்டவர், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது யாருது தங்கச்சி?"

என் தோளைக் காட்டினேன். அவர் தலையாட்டி, தாளில் எழுதினார். நான்கு நிமிடம் கழித்து, அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு கூந்தலை முடிந்தபடி லட்சுமி ஓடி வந்தார்.

"ஏறுங்க, வெலக்குல எறக்கி விடுறேன். ஒங்கள எண்ண மாட்டேன்" என்றார் சகாயம். வேண்டாம், நடந்து வருகிறேன் என்றேன். ராணி சன்னலைத் தள்ளி, "மேடையில எங்களத் திட்டப் போறீங்களாமே? சுமதி சொல்லுச்சு" என்று கேட்டார். வேன் போயிற்று. முருகன் மகளை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "இப்ப என்னத்தா, மொதல்ல சடையா, இட்டிலியா?" என்று அவளிடம் யோசனை கேட்டபடி திரும்பி நடந்தார்.

காலை 8.15

கீரனூரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சுமதி அக்கா அழைத்தார். வாசலில் ஏழு அட்டை. அதிகாரி வேறெதுவும் கேட்கவில்லையாம்.

"நாளைக்கு?" என்றேன்.

"நாளைக்கு அந்தப் புள்ளைக்குச் சளி புடிக்காம இருக்கணும்" என்றார்.

பட்டிமன்ற அமைப்பாளரை அழைத்து, என் அணியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். எதிரணியில் இடமில்லை என்றார். அப்படியானால் என் இடத்தை வேறு யாருக்கேனும் கொடுங்கள் என்றேன். மேடை ஏறத் தொடங்கிய நாளிலிருந்து நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. சொன்னபோது தோற்றது போலத்தான் இருந்தது.

புதுக்கோட்டைப் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் நான்கு நிமிடம். அதை ஒரு தூரமாக நான் ஒரு நாளும் எண்ணியதில்லை. வரும்போது எண்ணிய தட்டிகளைப் போகும்போது படித்தேன். ஒன்பதிலும் வேலை இன்னதென்று இருந்தது. ஒன்பதிலும் தொலைபேசி எண் இருந்தது. எப்படி வந்து சேர்வது என்று ஒன்றிலும் இல்லை.